படகுக்கு முன்னால் அங்கியைப் பாருங்கள்

கேள்வி: அமைதியான ஏரியில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்டக் கற்று வருகிறேன். என் எடை 88 கிலோ. படகு, துடுப்பு, மிதவை அங்கி மூன்றும் அடங்கிய 'முழு செட்' ஒன்றை வாங்கித் தருவதாகப் பயிற்சியாளரே சொல்கிறார். படகில் 'அதிகபட்சச் சுமை 110 கிலோ' என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தகைய தொகுப்புகளில் கண்ணைக் கவர்வது படகு. செலவு மிச்சப்படுத்தப்படுவதோ பெரும்பாலும் உயிரைக் காக்க வேண்டிய அங்கியில். கற்றுத் தருபவரே தரகராகவும் இருந்தால், உங்களுக்கு எது பொருந்தும் என்பதைவிட எது விற்றாக வேண்டும் என்பதே முன்னால் நிற்கும். மூன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

அங்கியின் உட்புறச் சீட்டில் 50, 100 என்று நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) கணக்கில் மிதப்புத் திறன் குறிக்கப்பட்டிருக்கும். கயாக் ஓட்டுவோர் பெரும்பாலும் அணிவது 50. கைகளை வீசித் துடுப்புப் போட அது இடம் கொடுக்கும். ஆனால் அது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகிலேயே உள்ள இடத்துக்கு மட்டுமே உரியது. நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பும் வகையில் அது வடிவமைக்கப்படவில்லை. நீந்தத் தெரியாதென்றால் சற்றுப் பருமனாக இருந்தாலும் 100 வகையை எடுங்கள். 'கொஞ்சம் தெரியும்' என்பவரும், குளத்தில் நீந்தி ஆண்டுக்கணக்கானவரும், உடையோடு ஒருமுறைகூட நீரில் விழாதவரும் என் கணக்கில் நீந்தத் தெரியாதவர்களே. இத்தனை முக்கியமான வேறுபாட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்தில் அச்சிட்டு உள்மடிப்பில் மறைத்துத் தைக்கும் வழக்கத்தை என்னவென்று சொல்வது! அணிந்து பட்டைகளை இறுக்கியபின் ஒருவரை அங்கியின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி தாடையைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவு அன்று.

அந்த 110 கிலோவையும் அப்படியே நம்ப வேண்டாம். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதை ஒரே முறையில் கணக்கிடுவதில்லை. அது பெரும்பாலும் படகு தாங்கும் உச்ச எல்லையே தவிர, நிம்மதியாக ஓட்டக்கூடிய சுமை அன்று. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் எடையும் கொண்டுசெல்லும் பொருள்களின் எடையும் அடங்க வேண்டும். 7 கிலோ பொருள் என்றாலும் மொத்தம் 95 கிலோ. ஆகவே ஏறத்தாழ 145 கிலோ குறித்த படகே உங்களுக்கு ஏற்றது. புதியவருக்கு மேல்தளத்தில் அமர்ந்து ஓட்டும் வகையே நல்லது; கவிழ்ந்தாலும் உள்ளே நீர் நிறையாது.

துடுப்பு பெரும்பாலும் 220 முதல் 240 செ.மீ. வரை நீளமுள்ளதாக இருக்கும். படகு அகலமானால் நீளமும் கூட வேண்டும். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் முறை தூக்கப் போகும் பொருள் என்பதால், இலேசான துடுப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது.

அங்கியையும் துடுப்பையும் இப்போது வாங்கிக்கொண்டு, படகைச் சில வாரங்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். வாங்க நினைக்கும் படகை, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கரையோரம் இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, மீண்டும் ஏறிப் பாருங்கள். அங்கேயே ஏற முடியவில்லை என்றால் அந்தப் படகை வாங்காதீர்கள்.