போலியோ, ரோட்டரி, ஒரு ஐஸ் பெட்டி: டிரசரிடம் கேட்டவை

அக்டோபர் 24 உலகப் போலியோ (இளம்பிள்ளை வாதம்) நாள் வருகிறது, கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன வாரம் கிளப் வாட்சாப்பில் ஒரு வரி போட்டேன். அது தாமான் (குடியிருப்பு) குழு, கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று சுற்றி முப்பதுக்கு மேல் கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மலேசியாவின் பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே, முன்பு பால்மரமும் (ரப்பர்) இப்போது செம்பனையுமாக இருக்கும் நம் ஊர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் 31 வருஷம் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர்; போலியோ ஒழிப்புக்குப் பணம் சேர்க்கும் தொண்டுக் கிளப்பான ரோட்டரியில் 22 வருஷம். டாக்டர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரோட்டரி என்றால் கோட்டுப் போட்ட பணக்காரர்கள் கூடிச் சாப்பிடும் இடம்தானே அங்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? (கல்லூரி முடித்த தம்பி)

பாதி உண்மை, மறுக்கவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த மேசையில் தோட்டத் துரைகளும் பட்டணத்துச் சீன முதலாளிகளான தவுக்கேகளும்தான். இன்றைக்கு நம் கிளப்பில் பத்தொன்பது பேர்: மோட்டார் பட்டறைக்காரர், இரண்டு தமிழ்ப்பள்ளி டீச்சர்கள், செம்பனைக் குலை வாங்கி விற்பவர், சேலைக் கடை அம்மா, இரும்புக்கடைச் சீனர், ஓய்வுபெற்ற மலாய் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர், அப்புறம் நான். பெண்களை உலகம் முழுக்கச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ரோட்டரி விதியை மாற்றியதே 1989-ல்தான், அதற்கு முன்பு முழுக்க ஆண்கள் கூட்டம்.

1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு ஆரம்பித்தது. ஒரு வாரம் இவர் ஆபீஸ், அடுத்த வாரம் அவர் ஆபீஸ் என்று சுற்றிச் சுற்றிக் கூடினார்கள், அதனால் அந்தப் பெயர். நாங்கள் சுற்றுவதில்லை, சீனர் சாப்பாட்டுக் கடை மாடியிலேயே செவ்வாய்தோறும். கூட்டத்தில் கைப்பேசி அடித்தால் அபராதப் பெட்டியில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). பட்டறைக்காரர் ஒருவரே பெட்டியைப் பாதி நிரப்பிவிடுவார். ஒருநாள் விருந்தாளியாக வந்து பாருங்கள், அன்றைக்குச் சாப்பாடு என் கணக்கு.

நம் நாட்டில்தான் போலியோ இல்லையே, இன்னும் எதற்குத் தகர டின்னை ஆட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்?

இதே கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். 2000-ல் நம் மேற்குப் பசிபிக் வட்டாரம் முழுவதையும் போலியோ இல்லாத வட்டாரமாக அறிவித்தார்கள். மலேசியாவில் 1992-க்குப் பிறகு ஒரு நோயாளியும் இல்லை. நாங்களும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தோம். 2019 டிசம்பரில் நம் சபா மாநிலத்தில் துவாரான் பக்கம் மூன்று மாதக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல், தசை தளர்ச்சி. போலியோ. 27 வருஷத்துக்குப் பிறகு. பிலிப்பீன்ஸில் அப்போது பரவிக்கொண்டிருந்த கிருமியோடு அது ஒத்துப்போனது. சபா முழுக்கச் சொட்டு மருந்து கொடுத்து 2021-ல்தான் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு கணக்கு. போலியோ தொற்றினால் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகும். மற்றவர்களுக்குச் சளி, லேசான காய்ச்சல், பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஆனால் மலத்தில் கிருமி வாரக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். ஆக, ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்தது என்று தெரியவரும்போது அந்த வட்டாரத்தில் கிருமி ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வீட்டுக் கக்கூசைப் பார்த்திருக்கும். அதனால்தான் சாக்கடைத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். 15 வயதுக்குக் கீழ் எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கை கால் தளர்ந்தால், காரணம் எதுவாகத் தெரிந்தாலும், 14 நாளுக்குள் இரண்டு மல மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவதும் அதற்காகத்தான். யாருக்கும் படம் எடுத்துப் போடத் தோன்றாத வேலை. நாடு தப்பிப்பது அதில்தான்.

சொட்டு மருந்தினாலேயே போலியோ வருகிறது என்று ஒரு வீடியோ வந்தது. மறைக்காமல் சொல்லுங்கள் சார். (மூன்று பிள்ளைகளின் தாய்)

மறைக்க ஒன்றுமில்லை, அந்த வீடியோவில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதியைத்தான் வெட்டிவிட்டார்கள். சபாவில் வந்ததே அந்த வகைதான்.

வாய்வழிச் சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலு குறைத்த கிருமி. பிள்ளையின் குடலில் கொஞ்ச நாள் தங்கி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட்டு மலத்தோடு வெளியே போகும். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து போயிருந்தால் கதை அங்கேயே முடிந்தது, ஏனென்றால் அதற்கு அடுத்து நுழைய இடம் கிடைக்காது. பாதிப் பிள்ளைகளுக்குப் போகாமல் இருந்தால்தான் வம்பு. மருந்து போகாத குடலாகப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி, ஒரு வருஷம், அதற்கும் மேல் சுற்றும்போது அந்தக் கிருமி மாறி மாறிப் பழைய வலுவைத் திரும்பப் பெற்றுவிடும். அப்போது அது காட்டுக் கிருமி, அதாவது இயற்கையாகப் பரவும் கிருமி மாதிரியே காலை முடக்கும். கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் அதற்கும் மருந்து மருந்துதான்: விட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பது. போலியோ கிருமியின் மூன்று வகைகளில் இரண்டாம் வகைதான் இப்படி அதிகம் மாறிக்கொண்டிருந்தது, அதனால் 2016-ல் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் எளிதில் மாறாதபடி ஒரு புதிய மருந்து செய்து 2020 கடைசியில் அவசர அனுமதி கொடுத்தார்கள்.

நம் கிளினிக்கில் உங்கள் பிள்ளைக்குப் போடுவது சொட்டு மருந்தே இல்லை அம்மா. ஆறு நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசி: 2, 3, 5, 18 மாதத்தில். அதில் இருப்பது செத்த கிருமி, அது மாறவும் முடியாது, பரவவும் முடியாது. சரி, பிறகு ஏன் சபாவில் சொட்டு மருந்து என்று கேட்பீர்கள். ஊசி உங்கள் பிள்ளையின் காலைக் காப்பாற்றும், ஆனால் குடல் வழியாக அடுத்தவனுக்குப் பரவுவதை நிறுத்துவதில் சொட்டு மருந்துக்குத்தான் வலு அதிகம். தீப்பிடித்த இடத்தில் அது வேண்டும்.

மூன்றாம் மாத ஊசியை விட்டுவிட்டோம், வீடு மாறியதில் மறந்தே போச்சு. முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக் போங்கள். திட்டுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள், திட்டினால் இரண்டு நிமிஷம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்று. நம் தோட்டத்தில் இப்போது லயத்துக்கு லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். சிலருக்குக் குடும்பமும் இருக்கிறது. கையில் பத்திரம் இல்லாதவர்கள் கிளினிக் வாசலை மிதிக்கவே பயப்படுவார்கள். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஊர் என்று நான் சொன்னதற்குக் கூட்டத்தில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிருமிக்கு ஐசி (அடையாள அட்டை) பார்க்கத் தெரியாது அண்ணே என்றேன்.

நான் போடும் பத்து வெள்ளி நிஜமாகவே போய்ச் சேருமா? (பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை வியாபாரி)

உங்கள் பத்து வெள்ளி ரோட்டரி அறக்கட்டளையின் போலியோ நிதிக்குப் போகும். ரோட்டரி ஆண்டுக்கு 50 மில்லியன் அமெரிக்க டாலர் வரை சேர்த்தால், ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் போடுகிறது. ஆக உங்கள் பத்து, முப்பது. சில்லறையை எண்ணுவது மட்டும் எங்கள் பாடு, போன வருஷம் இரவு பன்னிரண்டரை வரை ஐம்பது சென், இருபது சென் என்று அடுக்கிக்கொண்டிருந்தோம்.

மருந்தின் விலை பெரிய செலவே இல்லை. அதைச் சில்லென்று வைத்து, மலை ஏறி, வீட்டுக் கதவு வரை கொண்டுபோகிற ஆளுக்குத்தான் செலவு. சொட்டு மருந்துக் குப்பியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். லேபிளில் ஒரு ஊதா வட்டம், அதற்குள் வெளுத்த சிறு சதுரம். சூடு பட்டால் அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். இது வந்தது 1996-ல். அதற்கு முன்பு எங்களுக்கு அந்த வசதி ஏது? ஐஸ் பெட்டியை மோட்டாரில் கட்டிக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் போவேன், திறந்ததும் முதல் வேலை உள்ளே கையை விட்டு ஐஸ் இன்னும் கட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. ஒருநாள் செம்மண் ரோட்டில் மழையில் வண்டி மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தாமதம், பெட்டிக்குள் தண்ணீர்தான் மிதந்தது. ஆயா பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கன்னத்தையும் எப்படி அழுத்துவது என்று தயாராக நிற்கிறார். மருந்து கெட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாது. முழுவதையும் கொட்டிவிட்டேன். மறுநாள் மேலே இருந்த ஒருவர் அதற்கு விளக்கக் கடிதம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அந்தச் சிறு சதுரம் அன்றைக்கு இருந்திருந்தால் கடிதம் எழுதாமல் தப்பித்திருப்பேன்.

இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் சொட்டு மருந்துக்காகப் போரை நிறுத்தினார்களாமே? எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கிராணியாக (கிளார்க்) வந்தவர், அதனால் கேட்கிறேன்.

உண்மைதான். தேசியத் தடுப்பு மருந்து நாட்களில் இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்தின. யுனிசெஃபோடு சேர்ந்து அதற்காகப் பேசியவர்களில் கே.ஆர். ரவீந்திரன் முக்கியமானவர், கொழும்பு ரோட்டரிக்காரர், பின்னால் 2015-16-ல் ரோட்டரியின் உலகத் தலைவராகவும் இருந்தார். இந்த வழக்கம் 1985-ல் எல் சால்வடோரில் ஆரம்பித்தது. எங்கள் கிளப்பில் வருஷா வருஷம் தலைவர் தேர்தலில் நடக்கும் சண்டையைப் பார்க்கும்போது, அவர்கள் எப்படிப் பேசி நிறுத்தினார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

போலியோவை ஒழிக்க முடியும் என்றால் டெங்கியை ஏன் முடியவில்லை?

போலியோ மனிதனிடம் மட்டும்தான் குடியிருக்கும், ஒளிய வேறு வீடு கிடையாது. மலிவான நல்ல மருந்தும் இருக்கிறது. டெங்கிக்கு நடுவில் கொசு இருக்கிறது. மலேரியாவைப் பாருங்கள், மனித மலேரியா உள்ளூரில் பரவுவது 2018 முதல் நம் நாட்டில் பூஜ்யம், ஆனாலும் குரங்கிலிருந்து வரும் மலேரியா காட்டோரத்தில் வேலை செய்பவர்களை இன்னும் பிடிக்கிறது. குரங்குக்கு யார் போய் ஊசி போடுவது?

மனிதருக்கு வரும் நோயில் முழுதாக ஒழிந்தது இதுவரை பெரியம்மை ஒன்றுதான். இயற்கையாக அது கடைசியாகத் தொற்றியது 1977-ல், சோமாலியாவில் ஆஸ்பத்திரிச் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின் என்பவருக்கு. ஆஸ்பத்திரியிலேயே வேலை, ஆனால் அம்மை குத்திக்கொள்ளவில்லை. பிழைத்துக்கொண்டார். பின்னாளில் போலியோ மருந்துக்காக வீடு வீடாகப் போய், நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்று பேசினார். 2013-ல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்துபோனார்.

அப்படியானால் எப்போதுதான் முடியும்?

1988-ல் உலகம் முழுக்கப் போலியோ ஒழிப்பு வேலையை ஆரம்பித்தபோது 2000-க்குள் என்றார்கள். அதற்குப் பிறகு சொன்ன தேதிகளும் தவறின, நான் தேதி சொல்வதை விட்டுவிட்டேன். 1988-ல் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,50,000 பிள்ளைகள், 125 நாடுகள். மூன்று காட்டு வகைகளில் இரண்டு ஒழிந்தாயிற்று. இந்தியாவில் கடைசிப் பிள்ளை 2011 ஜனவரியில், ஹவுராவில். மிச்சம் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். 2021-ல் உலகம் முழுக்க ஆறு பேர்தான், அடடா முடிந்தது என்று கேக் வெட்டாத குறை. 2024-ல் 99. மருந்து கொடுக்கப் போகும் பெண்களையும் காவலுக்குப் போகும் போலீஸையும் அங்கே சுடுகிறார்கள். கடைசி ஆறைத் துரத்துவது முதல் மூன்று லட்சத்தைவிடக் கஷ்டம், கோரைப்புல் பிடுங்கியவர்களுக்குத் தெரியும்.

என் அப்பாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம், இடது கால். அந்தக் காலோடு முப்பது வருஷம் பால் வெட்டினார். இப்போது 66, நன்றாக இருந்த வலது காலும் தளர்கிறது. போலியோ திரும்பி வந்துவிட்டதா? (மகள்)

இல்லை அம்மா, திரும்பி வரவில்லை, உங்கள் வீட்டில் யாருக்கும் ஒட்டாது. பல வருஷம் கழித்து இப்படி வருவது உண்டு. அன்றைக்குத் தப்பிய நரம்புகள் செத்த நரம்புகளின் வேலையையும் சேர்த்துச் செய்து ஓய்ந்துபோகின்றன என்றுதான் சொல்கிறார்கள். வயசு, சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மறுவாழ்வுப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள், சின்ன வயதில் போலியோ வந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், இளம் டாக்டர்கள் பலர் போலியோ நோயாளியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். தளர்கிறதே என்று களைத்துப்போகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்ய வைக்காதீர்கள், கெடுதல். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மேட்டு நிரையில் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டுவார், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் பேனர், மாதிரிக் காசோலை, படம். சலிப்பாக இருக்கிறது.

எனக்கும்தான். படம் எடுக்கும்போது பின்னால் நில்லுங்கள், நாற்காலி அடுக்கும்போது முன்னால் வாருங்கள். இரண்டு வருஷத்தில் உங்களைச் செயலாளர் ஆக்கிவிடுவார்கள், அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இந்த அக்டோபரில் என்ன செய்கிறீர்கள்? நாங்களும் வரலாமா? (படிவம் நான்கு மாணவிகள்)

தாராளமாக. மாலை ஆறு மணிக்குப் பாசார் மாலாமில் டின்னோடு நிற்போம். காசு போடும் சின்னப் பிள்ளைகளுக்கு இடது சுண்டுவிரலில் ஊதா மை வைப்போம், சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கு அப்படித்தான் அடையாளம் வைப்பது. வெள்ளைச் சட்டையில் வராதீர்கள், அந்த மை போகவே போகாது. அதற்கு அடுத்த ஞாயிறு காலை லயத்துக்குப் போய் மிஸ்ஸியோடு வீடு வீடாகப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்து, ஊசி விட்டுப்போனவர்கள் பெயரைக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுக்கிறோம். அதற்குத்தான் ஆள் பற்றாக்குறை, மலாய் நன்றாகப் பேசுபவர்கள் அன்றைக்கு வாருங்கள்.

வருகிறவர்களுக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்க வேண்டும். கிளப்பின் பெரிய நீல ஐஸ் பெட்டியைப் போன வருஷம் கல்யாணத்துக்கு என்று எடுத்துப் போனவர் இந்த வாட்சாப் குழுவில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் மாடியில் வைத்துவிடுங்கள்.