நிறுத்திய பிறகு மறுபடி பகுதிநேர வேலை: வாசகர் கேள்விகள்

ஆடித் தள்ளுபடி முடிந்து, மதுரைக் கடைகள் தீபாவளிக்கு ஆள் தேடும் நேரம் இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களுடையவை.

விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் மாலை நேர வேலை பார்த்தேன். தாமதமாக வருகிறேன் என்று நிறுத்திவிட்டார்கள். நான்கு கடை தள்ளி ஆள் கேட்கிறார்கள். பழைய கடையைச் சொல்லாமல் விடலாமா?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

விடாதீர்கள் தம்பி. அந்த நான்கு கடைக்கும் டீ கொண்டு போகிறவர் ஒருவராகத்தான் இருப்பார். நீங்கள் படியேறுவதற்குள் செய்தி போய்விடும். "கல்லூரி விட்டு பஸ் பிடித்து வர ஐந்தரை ஆகிறது, ஐந்துக்கு ஒப்புக்கொண்டது என் தவறு. ஐந்தரைக்கு என்றால் தவற மாட்டேன்." இவ்வளவு போதும். பழைய முதலாளியைப் பற்றி ஒரு சொல் குறையாகப் பேச வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டேன். கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது என்று அனுப்பிவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. வேறு கடையில் பில் வேலையே கேட்கலாமா?
– வில்லாபுரம் வாசகி

கேளுங்கள். அவர்கள் தயங்கினால், முதல் மாதம் சரக்கு அடுக்கும் வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்த பிறகு அவர்களே கல்லாவில் உட்கார வைப்பார்கள். ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, கல்லாவை அடுத்துப் பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முன்பே அப்படிச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

துணிக்கடையில் ஒன்றரை வருடம் முழுநேரம் பார்த்தேன். நிறுத்தும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், படிக்கவில்லை. இப்போது குழந்தைக்காகப் பகுதிநேர வேலை தேடுகிறேன். நானே விட்டேன் என்று சொல்லலாமா?
– அண்ணா நகர் வாசகி

படிக்காமல் கையெழுத்து! இந்தப் பகுதியில் நான் அதிகம் எழுதியது இதைப் பற்றித்தான், கடிதங்கள் நிற்கவில்லை. அந்தத் தாள் அநேகமாக ராஜினாமாக் கடிதம். ஏன் வாங்குகிறார்கள்? 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது என்கிறது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். ராஜினாமாக் கடிதம் கையில் இருந்தால் இத்தனையும் மிச்சம்: "அவராகப் போனார்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அழுதுகொண்டு நிற்கிற பெண்ணிடம் பேனாவை நீட்டுவது இதற்குத்தான். "வீட்டில் காட்டிவிட்டு நாளை தருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நகல் தராத எதிலும் கையெழுத்திடாதீர்கள். (முழுநேரக்காரர்களுக்கு இது தெளிவு. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வருபவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று கடைக்காரர்கள் வாதாடுவார்கள்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாளில் அப்படி இருக்கலாம். ஆனால் புதுக் கடையிலிருந்து ஒரு போன் போய், "நாங்கள்தான் நிறுத்தினோம்" என்று பதில் வந்தால் பொய்யர் நீங்கள்தான். "நிறுத்தினார்கள், ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள்" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழைப் பழைய கடை தர மறுக்கிறது. புது இடத்தில் கேட்கிறார்கள்.
– மேலூர்

அதைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமையில்லை. திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். அசையாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புது இடத்தில் ஒரிஜினலைக் காட்டலாம், ஜெராக்ஸைக் கொடுக்கலாம். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

நிறுத்திய கடையிலேயே மறுபடி கேட்கலாமா?
– திருப்பரங்குன்றம்

நிறுத்தியதற்கான காரணம் இப்போது இல்லையென்றால் கேளுங்கள். நிறுத்தியவரிடமே நேரில் கேளுங்கள். அவரைத் தாண்டி முதலாளியிடம் போக வேண்டாம்.

என்னை நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?
– பெயர், ஊர் இல்லை

என்ன வேலை? எத்தனை மாதம்? ஏன் நிறுத்தினார்கள்? நான் ஜோசியம் பார்ப்பதில்லை. விவரத்தோடு எழுதுங்கள்.

பத்து நாள் சம்பளம் பாக்கி. கேட்டால் என்னைப் பற்றித் தவறாகச் சொல்லிவிடுவார்களோ?
– உசிலம்பட்டி

வேலையிலிருந்து நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும். கேளுங்கள், தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தவறாகச் சொல்ல நினைப்பவர், நீங்கள் பணத்தை விட்டுக்கொடுத்தாலும் சொல்வார்.