டொயோகுனி கையெழுத்து, 1850களின் அச்சு: போலியா?

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் டொயோகுனி 1825இலேயே இறந்துவிட்டார், விற்றவரோ 1850 வாக்கில் வந்த கபுகி (ஜப்பானிய நாடகம்) அச்சு என்கிறார், ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய சீடர் குனிசாடா 1844இல் குருவின் பெயரையே சூட்டிக்கொண்டார், பிறகு அந்தப் பெயரில்தான் கையெழுத்திட்டார். சின்ன வட்ட முத்திரைகளைத் தேடுங்கள். தணிக்கையாளர் பெயருள்ள முத்திரைகள் இரண்டு சேர்ந்து இருந்தால், அச்சு 1847–52 காலத்தது.

வலது ஓரத்தில் நடிகரின் வாள் பாதியில் நிற்பதும் குறையில்லை. மூன்று தாள் தொடரில் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது போல, மிச்ச வாள் பக்கத்துத் தாளில்.

எனக்குப் பின்பக்கம்தான் முக்கியம். கையால் தேய்த்து அச்சிட்டிருந்தால் சாயம் பின்னால் ஊறித் தெரியும். முன்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? அப்படியானால் அது இயந்திர அச்சு. பின்பக்கப் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.