மாமாவின் கடிதங்களை நினைவு மலரில் போடலாமா?

கேள்வி: என் பெரிய மாமா பெயர்பெற்ற ஓவியர். அவருடைய ஆட்டைத் திவசத்துக்கு மலர் போடுகிறார்கள், என்னையும் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது அற்ப விஷயங்கள்தான்: தூரிகை துடைத்த துணியைத் தோளில் போட்டபடி கடைக்குப் போவார், விளக்கு வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்று இரவில் வரைய மாட்டார். ஆனால் அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் கடன், சின்ன மாமாவோடு இருந்த மனஸ்தாபம் எல்லாம் வருகிறது. போடலாமா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, அந்தத் தோள் துணியை அற்பம் என்று யார் சொன்னது? மலரில் எல்லோரும் "மாபெரும் கலைஞர்" என்றுதான் எழுதப் போகிறார்கள். துணியைப் பற்றி எழுத உங்களை விட்டால் ஆளில்லை.

நெதர்லாந்து ஓவியர் வான்கோவின் தம்பி தியோவின் மனைவி யோவுக்கு மைத்துனரைக் கடிதங்கள் வழியாகத்தான் தெரியும். 1890 மே மாதம் மனநோய் விடுதியிலிருந்து வான்கோ பாரிஸுக்கு வந்தபோது, நோயாளி ஒருவரைத்தான் யோ எதிர்பார்த்தார். வந்ததோ தோள் அகன்ற, முகம் தெளிந்த மனிதர். தானே கடைக்குப் போய் ஒலிவ் காய் வாங்கிவந்து எல்லோரும் தின்றே ஆகவேண்டும் என்று நின்றாராம். கடிதத்தை மட்டும் படித்தவருக்கு அந்த ஆள் கிடைக்க மாட்டார். அதனால் முதலில் உங்கள் நினைவுகளை ஒரு கொப்பியில் எழுதி முடியுங்கள். கடிதங்களை அப்புறம் பிரியுங்கள். இல்லாவிட்டால் எது நீங்கள் கண்டது, எது படித்தது என்று குழம்பிவிடும்.

சரி, கடனுக்கு வருவோம். தாராளமாகப் போடலாம் என்பது என் அபிப்பிராயம். வான்கோ தம்பிக்கு எழுதியவற்றில் பாதி, காசு அனுப்பு, சாயம் அனுப்பு என்றுதான் இருக்கும். அதனால் யாரும் அவரை இளக்காரமாகப் பார்க்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் ஒருவர் சாயம் தேடி எப்படிப் படம் வரைந்தார் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி ஏது?

மனஸ்தாபம் வேறு கதை. சின்ன மாமா உயிரோடு இருந்தால் இந்த மலருக்கு அது வேண்டாம். யோ அந்தக் கடிதங்களை நூலாக்கியது 1914இல், ஓவியர் இறந்து 24 வருடங்களுக்குப் பிறகு. அப்போதும் சில பகுதிகளை விட்டுவிட்டார், சில பெயர்களுக்கு முதலெழுத்து மட்டும் போட்டார். ஆனால் ஒரு தாளையும் கிழித்தெறியாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. தாள் உங்களுடையது, அச்சிடும் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, இலங்கையில் அது எழுதியவர் இறந்து 70 வருடங்கள் வரை செல்லும். மாமாவின் பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் படம் போதாது.

கடிதங்களை லாமினேட் பண்ண வேண்டாம், செலோடேப் ஒட்டவும் வேண்டாம். திகதி இல்லாதவற்றுக்கு உறையிலுள்ள தபால் முத்திரையைப் பாருங்கள், உறையைக் கடிதத்திலிருந்து பிரிக்காதீர்கள். பின்பக்க மூலையில் பென்சிலால் இலக்கமிட்டு, இரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எண்ணிம (டிஜிட்டல்) பிரதி பற்றி, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனத்தாரிடம் கேட்கலாம்.

மலர் அச்சுக்குப் போகுமுன் சின்ன மாமாவை ஒருமுறை போய்ப் பாருங்கள். அண்ணனைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடிதக்கட்டைக் கையில் கொண்டு போகாதீர்கள்.