மைனஸோடு மைனஸைக் கூட்டினால் ஏன் பிளஸ் வராது?

ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் (−3) + (−4) என்றால் +7 என்று எழுதுகிறான், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இதே தவறோடுதான் வருவார்கள். 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று எங்கோ கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பெருக்கலுக்கான விதி, கூட்டலில் அதற்கு வேலை இல்லை. ஆனால் இதை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைக்கு ஏறாது. நான் நோட்டை மூடச் சொல்லிவிட்டு கேரம் போர்டை எடுத்து வைப்பேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கேரம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் வடசென்னைப் பெண்தான். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன். எடுத்து வைத்திருக்கும் காயினில் ஒன்றைத் திரும்ப போர்டில் வைக்க வேண்டும். கையில் காயினே இல்லை என்றால்? ஃபைன் பாக்கி நிற்கும். அடுத்து விழும் காயினை அதற்குக் கட்ட வேண்டும். அந்தப் பாக்கிதான் −1. ஒன்றுமே இல்லாததைவிடக் குறைவாக ஒன்று எப்படி இருக்க முடியும் என்ற குழப்பம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் அந்த நிலையில் அவர்களே பலமுறை உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் கேட்பேன்: "உனக்கு ஏற்கெனவே மூணு ஃபைன் பாக்கி. இன்னும் நாலு ஃபைன் வாங்கிட்டே. இப்ப உன் கையில ஏழு காயின் வந்துடுமா?"

"அதெப்படிக்கா வரும்? ஏழு ஃபைன் கட்டணும்!"

அவ்வளவுதான், (−3) + (−4) = −7.

குறிகள் மாறி வரும்போதும் இதே போர்டு போதும். இரண்டு ஃபைன் பாக்கி இருக்கும்போது ஐந்து காயின் போட்டால், இரண்டைக் கட்டியது போக மூன்று நிற்கும்: (−2) + 5 = 3. கையில் இரண்டு இருந்து ஐந்து ஃபைன் விழுந்தால், இருக்கும் இரண்டையும் கட்டிய பிறகும் மூன்று பாக்கி: 2 + (−5) = −3. 'கழித்துவிட்டுப் பெரிய எண்ணின் குறியைப் போடு' என்ற விதியை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். நாலைந்து கணக்கு போட்டால் பிள்ளையே அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு சிறுமிக்கு இந்தக் காயின்கூடத் தேவைப்படவில்லை. அவள் அப்பா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். "டீசல், ஐஸ் செலவு போக நேத்து அப்பாவுக்கு 2,000 நஷ்டம், இன்னைக்கு 1,500 லாபம். இன்னும் 500 கையைக் கடிக்குதுக்கா" என்று அவளே சொன்னாள். (−2000) + 1500 = −500 என்று நான் எழுதிக் காட்டியதும், "இது கணக்கா?" என்று கேட்டாள்.

கடனை வைத்துச் சொல்வது குழந்தைகளுக்கான எளிய வழி மட்டும் அல்ல. பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் இந்த விதிகளை எழுதியபோது இவற்றைத் தனம், ருணம் என்றுதான் குறிப்பிட்டார், அதாவது சொத்து, கடன். கடனோடு கடன் சேர்ந்தால் கடன், சொத்தும் கடனும் சமமாக இருந்தால் பூஜ்யம்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். கணக்கை வாய்விட்டுப் படிக்கும்போது 'மைனஸ் மூணு பிளஸ் மைனஸ் நாலு' என்று படிக்க விடாதீர்கள். 'மூணு பாக்கியோட நாலு பாக்கி' என்று படிக்கச் சொல்லுங்கள். எண்கள் பெரிதானால் மளிகைக் கடை நோட்டுக்கு மாறலாம். 340 ரூபாய் பாக்கி, இன்று 60 ரூபாய்க்கு முட்டை கடன், மாலையில் 500 ரூபாய் கொடுத்தாயிற்று. நோட்டில் இப்போது என்ன எழுதுவார் அண்ணாச்சி என்று மகனிடம் கேளுங்கள்.