பணத்தைக் கட்டிய பிறகும் வழக்கு வருமா?

கேள்வி: என் கணவர் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கராக இருந்தார். மாமனாரின் இருதய அறுவை சிகிச்சைக்காக, சில்லறைக் கடைகளில் வசூலான பணத்தை வரவு வைக்காமல் சிறுகச் சிறுக 1,80,000 ரூபாய் எடுத்துவிட்டார். பேரேட்டைச் சரிபார்த்தபோது அகப்பட்டுக்கொண்டார். என் நகைகளை விற்று முழுவதையும் கட்டிவிட்டோம். ஆனால் அன்று கையெழுத்து வாங்கிய வெற்று முத்திரைத்தாளையும் இரண்டு காசோலைகளையும் முதலாளி திருப்பித் தரவில்லை. இனியும் வழக்கு வருமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேலூர்

பதில்: வரலாம், சகோதரி. தாலிக்கொடி வரை விற்றுக் கடனை அடைத்த ஒருவரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு எடுத்திருந்தாலும், சிறிது காலத்துக்கு மட்டும் கையாடியதும் கையாடல்தான் என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவு, பணியாளர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அதற்கு முன் நடந்திருந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவு பொருந்தும். தண்டனை அளவு அதேதான். 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் ஆகையால், வழக்குத் தொடரக் காலக்கெடுவும் கிடையாது.

இருந்தாலும் நீங்கள் கட்டிய பணம் வீண்போகவில்லை. ஜாமீனிலும் தண்டனையின் அளவிலும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, இது நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். பணத்துக்கு உரியவர் சம்மதித்து அனுமதியும் கிடைத்தால், அது உங்கள் கணவரை விடுதலை செய்ததற்குச் சமம். வேண்டுமென்றே வரவு வைக்காமல் விட்டதற்காகப் பொய்க்கணக்குக் குற்றமான 344ஆம் பிரிவையும் சேர்த்தால்தான் சிக்கல், ஏனெனில் அதற்குச் சமரசம் இல்லை. அப்போதும், இரு தரப்பும் இணங்கிவிட்ட தனிப்பட்ட பண விவகாரங்களில் வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கியான் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. அதற்கு நம் மதுரைக் கிளையையே நாடலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த இரண்டு காசோலைகள். யாரேனும் தொகையை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால், கடனுக்காகவே கொடுத்தது என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும். கடன் தீர்ந்துவிட்டது என்று காட்டும் சுமை உங்கள் கணவர் தலையில் விழும். ஆகவே நகை விற்ற ரசீதையும், பணம் கட்டியதற்கான வங்கிப் பதிவையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், முதலாளி மதிக்கும் ஒரு பெரியவரை அழைத்துச் சென்று, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், காசோலைகளைத் திருப்பித் தந்தேன்" என்று தேதியிட்டு எழுதி வாங்குங்கள். புகார் தரமாட்டேன் என்று அவர் எழுதித் தந்தாலும் அது காவல்துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பின்னாளில் நல்ல சான்றாகும். உங்கள் கணவர் இனி எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் தலைமறைவாகாமல், வழக்கறிஞருடன் ஆஜராகட்டும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், தேவையைக் காட்டாமல் கைது செய்யக்கூடாது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண் என்ற முறையில் வருமான வரம்பின்றி உங்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும். ரசீதுகளை எடுத்துக்கொண்டு, முதலாளியைப் பார்க்கும் முன்பே அங்கே செல்லுங்கள்.