முன்மாதிரி மனிதர் என்பவர் யார்? அவர் நம்மை எவ்வாறு உருவாக்குகிறார்?

எவருடைய வாழ்வைப் பார்த்து, "இதை நானும் செய்யலாம்" என்ற நம்பிக்கை நமக்குள் பிறக்கிறதோ, அவரே நமக்கு முன்மாதிரி. அறிவுரை, செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லும்; அருகிலிருந்து பார்ப்பதோ, அதை எப்படி, எவ்வளவு பொறுமையுடன் செய்வது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கும். தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்து, அது எழுப்பும் சுரீர் ஓசையைக் கொண்டு சூட்டை அறிவதைப் பக்கத்தில் நின்றுதான் பழக முடியும்.

இதற்கு உ.வே. சாமிநாதையரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1871இல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த அவர், 1876இல் ஆசிரியர் மறையும் காலம்வரை அவரிடம் பயின்றார். பிள்ளையவர்கள் செய்யுள்களை மனத்திலேயே அமைத்து, தடையின்றிச் சொல்லிக்கொண்டே போவார். அருகில் அமர்ந்திருப்பவர் ஏட்டில் எழுதுவார். ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் தமிழுக்கென்றே செலவிட முடியும் என்பதை, எந்தப் பாடத்தையும்விட அந்தக் காட்சியே அந்த இளைஞருக்கு உணர்த்தியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முன்மாதிரியை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஆசிரியர், கோயில் தலங்களின் பெருமையைச் சொல்லும் தலபுராணங்களைப் பாடிக் குவித்தவர், மாணவரோ 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டு, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும் வேறொரு வழியில் சென்றவர்.